இரவு ஷிப்ட் மீது விழுந்த பழி: ஒரு துளையின் மாறுபாட்டைத் தேடிப் போனது

அலுமினிய வார்ப்பில் செய்த கியர்ப்பெட்டி உறை அது. நடுவில் பேரிங் உட்காரும் துளை ஒன்று இருக்கும். வரைபடம் அதற்குக் கேட்ட அளவு 60 எச்7. அதாவது துளையின் விட்டம் 60.000 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 60.030-ஐத் தாண்டவும் கூடாது. இடையில் இருப்பது 30 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை.

நான் அந்தப் பிரிவில் சேர்ந்தபோது சிக்கலுக்கு வயது எட்டு மாதம். பகல் ஷிப்டில் நூற்றுக்கு ஒரு துண்டு அளவு தவறியது. இரவு ஷிப்டில் ஏழெட்டு தவறின. ஏறக்குறைய எல்லாமே துளை சிறுத்த துண்டுகள். சிறுத்த துளையை மறுபடி கடைந்து சரிசெய்யலாம் என்பதால் கழிவுக் கணக்கில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. மறுவேலை மேசையில் மட்டும் ஒவ்வொரு காலையும் ஒரு குவியல் காத்திருந்தது.

மூன்று முறை கூட்டம் நடந்திருந்தது. மூன்றிலும் ஒரே முடிவு: இரவில் கவனம் போதவில்லை. இயந்திர இயக்குநர்கள் இருவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். ஒருவருக்கு எழுத்துமூலம் இரண்டு எச்சரிக்கைகள் கொடுத்தார்கள். எல்லோருக்கும் மறுபயிற்சி அளித்தார்கள். ஒவ்வொரு நடவடிக்கைக்குப் பிறகும் ஓரிரு வாரம் குவியல் சற்றுக் குறைந்தது, பிறகு பழையபடி ஏறியது. அந்த ஓரிரு வாரத்து நிம்மதிதான் உண்மையில் கெடுதல் செய்தது என்பேன். மோசமான வாரத்தை அடுத்துத்தான் நடவடிக்கை எடுக்கிறார்கள். மோசமான வாரத்துக்கு அடுத்த வாரம் யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் சராசரியை நோக்கித் திரும்பும். கண்டிப்புப் பலித்தது என்று நினைத்தவர்கள் பார்த்தது அந்த இயல்பான திரும்பலைத்தான்.

தர மேலாண்மை வல்லுநர் எட்வர்ட்ஸ் டெமிங் தம் பயிற்சி வகுப்புகளில் இதையே மணிகளை வைத்துக் காட்டுவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. ஐம்பது குழிகள் கொண்ட பலகையால் அள்ள வேண்டும், சிவப்பு மணி வரக் கூடாது. குறைவாகச் சிவப்பு அள்ளியவருக்குப் பாராட்டு, அதிகம் அள்ளியவருக்குத் திட்டு. அடுத்த சுற்றில் பாராட்டுப் பெற்றவர் கவிழ்வார், திட்டு வாங்கியவர் உயர்வார். பெட்டியில் ஐந்தில் ஒன்று சிவப்பாக இருக்கும்வரை அள்ளுகிறவரின் அக்கறைக்கு அங்கே வேலையே இல்லை. நாங்களும் எட்டு மாதமாக அள்ளுகிறவரைத்தான் மாற்றிக்கொண்டிருந்தோம்.

எங்கே ஒளிந்திருக்கிறது?

முதலில் ஆய்வறையின் நான்கு வாரப் பதிவுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். அளவுகளின் திட்ட விலக்கம், அதாவது அவை சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் கணக்கு, 7 மைக்ரான். ஏறக்குறைய எல்லாத் துண்டுகளும் அடங்கும் பரப்பு அதன் ஆறு மடங்கு, 42. அனுமதித்த இடைவெளியோ 30. முப்பது அடி வாசலுக்குள் நாற்பத்திரண்டு அடி அகல வண்டியை நுழைக்கப் பார்த்தோம் என்று பொருள். ஓட்டுநரை மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. திறன் குறியீடு, அதாவது 30-ஐ 42-ஆல் வகுத்தது, 0.71. ஒன்றுக்குக் கீழே இருந்தால் வண்டி வாசலைவிடப் பெரிது.

இந்த 7 வெறும் மொத்தத் தொகை. அதில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அது சொல்லாது. புள்ளியியல் வழியே தரத்தைக் கண்காணிக்கும் முறையின் முன்னோடி வால்ட்டர் ஷூவார்ட் 1924 மே 16 அன்று தம் மேலதிகாரிக்கு எழுதிய ஒரு பக்கக் குறிப்பில் கட்டுப்பாட்டு வரைபடத்தின் (அளவுகளை வரிசையாகப் புள்ளி வைத்து, மேலும் கீழும் எல்லைக்கோடு இட்டுப் பார்ப்பது) முதல் உருவத்தை வரைந்து காட்டினார். எந்த வேலையிலும் எப்போதும் கலந்தே இருக்கிற எண்ணற்ற சிறு காரணங்கள் ஒரு பக்கம், குறிப்பிட்டுக் கைகாட்டக்கூடிய காரணங்கள் மறுபக்கம் என்று பிரித்துப் பார்த்தது அவருடைய பெரிய பங்களிப்பு. ஆனால் எங்கள் பதிவேட்டைக் கொண்டு அந்தப் பிரிவினையைச் செய்ய வழியில்லை. எந்தத் துண்டு எந்த ஃபிக்ஸ்சரில் (துண்டைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு) கடைந்தது, துளையின் எந்தத் திசையில் அளந்தது, கடைந்து எவ்வளவு நேரம் கழித்து அளந்தது என்று எதுவுமே எழுதப்படவில்லை. ஒரு துண்டுக்கு ஓர் எண், அவ்வளவுதான். நாலு ஆறுகளின் தண்ணீரை ஒரே குடத்தில் ஊற்றிவிட்டு எந்த ஆறு கலங்கல் என்று கேட்பதைப் போன்றது அது.

ஆகவே புதிதாக அளக்கத் திட்டமிட்டோம். தரப் பொறியாளர் லெனார்ட் சீடர் 1950-இல் விளக்கிய பன்மாறுபாட்டு வரைபடம்தான் எங்களுக்கு வழிகாட்டி. அதன் கேள்வி எளிமையானது: மாறுபாடு ஒரே துண்டுக்குள் இருக்கிறதா, அடுத்தடுத்த துண்டுகளுக்கு இடையில் இருக்கிறதா, நேரத்துக்கு நேரம் இருக்கிறதா? காரணத்தைத் தேடும் முன் அது வசிக்கும் தெருவைக் கண்டுபிடி என்கிற முறை. மூளைக்கசக்கலில் எழுபது காரணங்களைப் பலகையில் எழுதுவதைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம். எழுபதில் அறுபதைத் தரவே துடைத்துவிடும்.

இயந்திரத்தின் நடுக்கம்பத்தில் நான்கு முகங்கள் உண்டு, முகத்துக்கு ஒரு ஃபிக்ஸ்சர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, அடுத்தடுத்து வரும் நான்கு துண்டுகளை எடுத்தோம். ஒவ்வொரு முகத்திலிருந்தும் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகள், இரண்டு ஆழங்கள். மூன்று நாள், இரவும் பகலும். மொத்தம் 36 முறை, 576 அளவுகள். எல்லாத் துண்டுகளும் ஆய்வறையில் இரவு முழுக்க 20 டிகிரி செல்சியஸில் கிடந்த பிறகே அளக்கப்பட்டன. கூடவே, இயக்குநர் தம் இயந்திரத்தருகில் அளந்தபோது கேஜ் (துளையின் விட்டத்தை அளக்கும் கருவி) காட்டிய எண்ணையும் தனியாக எழுதி வாங்கினோம். அந்த ஒரு கூடுதல் பத்தியை ஏதோ ஒரு சந்தேகத்தில்தான் சேர்த்தேன். அதுவே வழக்கின் முடிச்சை அவிழ்த்தது.

கேஜையும் முன்னதாகச் சோதித்தோம். பத்துத் துண்டுகள், மூன்று பேர், ஆளுக்கு இரண்டு முறை. அளவீட்டுப் பிழையின் திட்ட விலக்கம் 2 மைக்ரான் என்று வந்தது. நல்ல கேஜ் அல்ல. அதை அப்போதே மாற்ற வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். பிறகு பார்க்கலாம் என்றேன். ஏன் என்பது கீழே வரும்.

ஒவ்வொரு நான்காவது கோடும்

வரைபடத்தில் ஒவ்வொரு துண்டும் ஒரு செங்குத்துக் கோடு. கோட்டின் மேல்முனை அந்தத் துண்டின் மிகப் பெரிய அளவு, கீழ்முனை மிகச் சிறிய அளவு. தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் போதும், கணக்கே தேவைப்படவில்லை. குட்டை, குட்டை, நெட்டை, குட்டை. மறுபடி குட்டை, குட்டை, நெட்டை, குட்டை. மூன்று நாளும் அப்படியே. மூன்றாம் முகத்தில் கடைந்த துளைகள் வட்டமாக இல்லை. ஒரு திசைக்கும் அதற்குச் செங்குத்தான திசைக்கும் 14 மைக்ரான் வேறுபாடு. மற்ற முகங்களில் அது 2 மைக்ரான்தான்.

இயந்திரத்தை நிறுத்தி நான்கு முகங்களின் துண்டுகளையும் பக்கம் பக்கமாக வைத்தோம். துண்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் அழுத்திய இடத்தில் அலுமினியத்தில் ஒரு மினுக்கம் தெரியும், காசளவு. மூன்று துண்டுகளில் அந்த மினுக்கம் வார்ப்பின் விலாத்திண்டின் மேலேயே இருந்தது. மூன்றாம் முகத்துத் துண்டில் மட்டும் அரை விரல் உள்ளே தள்ளி, மெல்லிய சுவரின் மேல். எப்போதோ கிளாம்பின் முனையில் துண்டைத் தொடும் பேடு ஒன்று தேய்ந்து, அதை மாற்றியபோது வேறு நீளமுள்ளதைப் போட்டிருக்கிறார்கள். கிளாம்ப் சுவரை அமுக்குகிறது. அமுங்கிய நிலையில் கருவி அழகான வட்டமாகக் கடைகிறது. கிளாம்ப் விட்டதும் சுவர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப, வட்டம் முட்டையாகிறது. இயந்திரத்தின் மேல் குற்றமில்லை, கருவியின் மேலும் இல்லை.

இது ஏன் எட்டு மாதமாகத் தெரியவில்லை? ஆய்வறையில் துளையை ஒரு திசையில்தான் அளந்தார்கள், அதுவும் கேஜ் எந்தப் பக்கம் நுழைந்ததோ அந்தத் திசையில். முட்டை வடிவம் என்கிற ஒழுங்கான, கைகாட்டக்கூடிய குறை, பதிவேட்டில் துண்டுக்குத் துண்டு ஏறி இறங்கும் தற்செயல்போல் வேடம் போட்டுக்கொண்டது. அளக்கும் முறையே ஒரு காரணத்தை இன்னொன்றின் உடைக்குள் மறைத்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

பேடை மாற்றினோம். அதோடு நான்கு முகங்களிலும் அழுத்தும் புள்ளிக்கு நேர் கீழே ஒரு தாங்கியும் வைத்தோம். அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் விசை விலா வழியாகவே கீழே இறங்கிவிடும், சுவருக்குப் போகாது. மாறுபாட்டின் ஊற்றை அடைப்பது ஒரு வழி. அது வந்தாலும் பொருட்படுத்தாதபடி பொருளை அமைப்பது இன்னொரு வழி. 1953-இல் ஜப்பானில் ஓர் ஓடு நிறுவனம் சூளைக்குள் வெப்பம் சீராக இல்லாததால் ஓடுகளின் அளவு மாறுவதைக் கண்டபோது, சூளையை இடித்துக் கட்டாமல் கலவையில் சுண்ணாம்பின் பங்கை 1 சதவீதத்திலிருந்து 5 ஆக உயர்த்தி வேறுபாட்டைக் குறைத்தது. ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி டகுச்சியின் அணுகுமுறையை விளக்குகிறவர்கள் இன்றும் சொல்லும் எடுத்துக்காட்டு அது. எங்கள் தாங்கி மிகச் சிறிய செயல்தான், ஆனால் அதே வகையைச் சேர்ந்தது.

குளிர்ந்திருந்த சூடு

இனி இரவுக்கு வருவோம். ஆய்வறை அளவுகளின்படி பகல் துண்டுகளின் சராசரி 60.016, இரவுத் துண்டுகளின் சராசரி 60.008. எட்டு மைக்ரான் வித்தியாசம். ஆனால் இயக்குநர்கள் இயந்திரத்தருகில் எழுதிய எண்களின் சராசரி இரண்டு ஷிப்டிலும் ஏறக்குறைய ஒன்றே! பகலில் இரண்டு பத்திகளும் ஒத்துப்போயின. இரவில், கேஜ் காட்டிய ஒவ்வோர் எண்ணும் பின்னால் ஆய்வறை சொன்னதைவிட எட்டு மைக்ரான் அளவுக்குப் பெரிது.

இரவு இரண்டு மணிக்கு அந்த இயந்திரத்தருகே போய் நின்றேன். எச்சரிக்கை வாங்கியவரே அன்று பணியில் இருந்தார். கதவு திறந்தது, துண்டைக் கழற்றினார், காற்றடித்துக் குளிர்நீரை விரட்டினார், துணியால் துளையைத் துடைத்தார், உடனே கேஜை நுழைத்தார். கை சுத்தம், வேலை சுத்தம். ஒரு அசைவுகூட வீணில்லை.

“எப்போதும் உடனே அளந்துவிடுவீர்களா?” என்று கேட்டேன்.

“ஆமாம் சார். பகலில் கழுவும் இயந்திரத்துக்கு இரண்டு வரிசைத் துண்டுகள் வரும். கழுவி, தட்டில் கிடந்து, அளக்க முக்கால் மணி நேரம் ஆகிவிடும். இரவில் அடுத்த வரிசை ஓடாது, கூட்டம் இல்லை. என் மேல் புகார் வேறு இருக்கிறது. தவறினால் அடுத்த துண்டிலேயே பிடித்துவிட வேண்டும் என்று உடனே அளக்கிறேன்.”

துண்டைக் கையில் வாங்கினேன். குளுமையாக இருந்தது. தொடு வெப்பமானியை வைத்தால் 27 டிகிரி. கேஜைச் சரிபார்க்கும் எஃகு வளையம் 21. மனிதக் கைக்கு 27 டிகிரி உலோகம் குளிர்ச்சியாகத்தான் படும். அதனால் ‘துண்டு சூடாக இருக்கிறது’ என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. ஆனால் அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும், எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 60 மில்லிமீட்டருக்கு அது டிகிரிக்கு 1.38 மைக்ரான். ஆறு டிகிரிக்கு 8.3.

நடந்தது இதுதான். உண்மையில் நடுவாக இருக்கும் துளை, சூட்டில் விரிந்து எட்டு மைக்ரான் பெரிதாகத் தெரிகிறது. இயக்குநர் பொறுப்பாகக் கருவியை எட்டு மைக்ரான் உள்ளே தள்ளுகிறார். துண்டு ஆறியதும் துளை எட்டு மைக்ரான் சிறுத்து நிற்கிறது. காலையில் மறுவேலை மேசையில் குவியல். எவ்வளவு கவனமாக அவர் உடனுக்குடன் அளந்தாரோ அவ்வளவு துல்லியமாகத் துளைகள் சிறுத்தன. அளவுகளுக்கான அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி என்று 1931-லேயே உலக அளவில் முடிவானது. எங்கள் பணிக்குறிப்பில் ‘கடைந்த பின் அளக்கவும்’ என்ற மூன்று சொற்கள் மட்டும் இருந்தன. எத்தனை நேரம் கழித்து என்று எழுதாதவர்கள் நாங்கள்தான்.

தொடாமல் இருப்பது

மூன்றாவது காரணம் இரண்டு ஷிப்டுக்கும் பொது. கருவியின் நிலையை ஒவ்வொருவரும் ஒரு ஷிப்டில் பதினைந்து இருபது முறை திருத்தினார்கள். நான்கு மைக்ரான் கூடினால் நான்கு குறைப்பது, மூன்று குறைந்தால் மூன்று கூட்டுவது. கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் அந்த நான்கு மைக்ரான் அந்த ஒரு துண்டுக்கே உரிய தற்செயலாக இருந்தால், அதை எதிர்த்துத் திருத்துகிறவர் அடுத்த துண்டின் தற்செயலோடு இதையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார். நிலையாக ஓடும் ஒரு வேலையில் ஒவ்வொரு முறையும் இப்படித் திருத்தினால் விலக்க வர்க்கச் சராசரி (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) இரட்டிப்பாகும், பரப்பு 1.4 மடங்காகும். டெமிங் புனலும் கோலியும் கொண்டு செய்துகாட்டிய சோதனை இதைத்தான் நிறுவுகிறது.

நாற்பது துண்டுகள் எதையும் தொடாமல் ஓடவிடச் சொன்னோம். பகல் இயக்குநருக்கு அது பெரும்பாடு; பத்தாவது துண்டில் ஐந்து மைக்ரான் விலகியபோது விசைப்பலகைப் பக்கம் கை தானாகப் போனது. தடுத்தோம். பதினோராவது துண்டு தானாகவே நடுவுக்கு வந்தது. நாற்பது துண்டு முடிவில் கருவித் தேய்மானத்தால் நகர்ந்தது மூன்று மைக்ரானுக்குள். வைர முனை, மெதுவாகத்தான் தேயும். அதற்கு மணிக்கு இரண்டு முறை திருத்தம் எதற்கு?

வர்க்கங்களின் கணக்கு

பங்குகளைப் பிரித்தபோது கிடைத்தது இது. மொத்தத் திட்ட விலக்கம் 7, அதன் வர்க்கம் 49. அதில் வெப்பத்தோடு அளந்ததன் பங்கு 16. மூன்றாம் முகத்தின் முட்டை வடிவமும் மற்ற முகங்களின் சிறு கோணலும் சேர்ந்து 13. தேவையற்ற திருத்தமும் தேய்மானமும் 9. கேஜின் பிழை 4. மீதி 7, என்னவென்று பிரிக்க முடியாதது.

ஒன்றையொன்று சாராத காரணங்கள் கூடும்போது வர்க்கங்கள்தான் கூடும். திட்ட விலக்கங்கள் கூடா. செங்கோண முக்கோணத்தின் கர்ணம்போல. இதைப் பலர் சூத்திரமாக அறிந்திருந்தும் வேலையில் மறந்துவிடுகிறார்கள். கேஜை முதலில் மாற்றியிருந்தால், அதன் பிழை முழுதும் ஒழிந்தாலும், 49 போய் 45 ஆகியிருக்கும். 7 மைக்ரான் 6.7 ஆகியிருக்கும். அவ்வளவு பணமும் உழைப்பும் செலவழித்த பிறகு மறுவேலை மேசையில் ஒரு துண்டுகூடக் குறைந்ததாகத் தெரிந்திருக்காது. ‘கேஜ் மாற்றியும் பயனில்லை, ஆட்கள்தான் காரணம்’ என்று நான்காவது கூட்டம் முடிவு செய்திருக்கும். பெரிய பங்கைத் தொடும்வரை சிறிய பங்கைத் துடைப்பது கண்ணுக்கே தெரியாது.

மூன்று பெரிய பங்குகளையும் கையில் எடுத்தோம். தாங்கியைப் பற்றிச் சொன்னேன். அளப்பதற்கு முன் துண்டுகள் விசிறி பொருத்திய தட்டில் 25 நிமிடம் ஆற வேண்டும் என்று விதித்தோம். அதற்குள் நாலைந்து துண்டு கெட்டுவிடுமே என்று உற்பத்திப் பிரிவில் எதிர்ப்பு வந்தது. நாற்பது துண்டுச் சோதனையின் தாளைக் காட்டினேன்: இருபத்தைந்து நிமிடத்தில் எங்கேயும் ஓடிவிடாத வேலை இது. திருத்தத்துக்குக் கட்டுப்பாட்டு வரைபடத்தை வைத்தோம். புள்ளி எல்லைக்கோட்டைத் தாண்டினாலோ, எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டின் ஒரே பக்கம் விழுந்தாலோ மட்டும் கருவியைத் தொடலாம்.

வெப்பத்தின் பங்கு 16-லிருந்து 1 ஆனது, ஃபிக்ஸ்சரின் பங்கு 13-லிருந்து 1, திருத்தத்தின் பங்கு 9-லிருந்து 2. மொத்தம் 15, திட்ட விலக்கம் 3.9. திறன் குறியீடு 1.29. இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மைக்ரானுக்குள் அடங்கியது.

இப்போது கேஜின் முறை. முன்பு மொத்தப் பரப்பில், வர்க்கமாக்காமல் 7-க்கு 2 என்று பார்த்தால், அதன் பங்கு 29 சதவீதம். 30-க்குள் இருக்கிறது, சமாளிக்கலாம் என்று அதன் அறிக்கை சொன்னது. (2-இன் ஆறு மடங்கான 12-ஐ 30 என்ற அனுமதி இடைவெளியோடு ஒப்பிட்டால் 40 சதவீதம், அது அப்போதே மோசம்தான்.) இப்போது அதே கேஜ், அதே 2 மைக்ரான், ஆனால் பங்கு 52 சதவீதம். கேஜ் கெடவில்லை; சுற்றியிருந்த இரைச்சல் அடங்கியதால் அதன் குரல் கேட்கத் தொடங்கியது. காற்று கேஜ் ஒன்றை வாங்கினோம். 4 போய் 0.5 ஆனது. திறன் குறியீடு 1.47.

மீதி 7-ஐ எங்களால் பிரிக்க முடியவில்லை. வார்ப்பின் கடினத்தன்மை தொகுதிக்குத் தொகுதி மாறுகிறதோ என்று நினைத்து இரண்டு தொகுதிகளைக் கலந்து ஓட்டிப் பார்த்தோம். வேறுபாடு எதுவும் மேலெழவில்லை. இப்போதைக்கு அதை அந்த இயந்திரத்தின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டோம். அதையும் குறைக்க வேண்டுமானால் இயந்திரத்தையோ முறையையோ மாற்ற வேண்டும், அது வேறு முடிவு.

ஆய்வறிக்கையோடு இன்னொரு கடிதத்தையும் இணைத்தேன். இரவு இயக்குநரின் பணிப்பதிவில் உள்ள இரண்டு எச்சரிக்கைகளுக்கும் அடிப்படை இல்லை, நீக்க வேண்டும் என்று. மூன்று வாரம் கழித்து நீக்கினார்கள். வேறு பிரிவுக்கு மாற்றப்பட்ட இருவரையும் திரும்ப அழைத்தோம். ஒருவர் வந்தார். மற்றவர், இருக்கிற இடத்திலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.